மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி: கேள்வி பதில்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் தருபவர் சமூக மருத்துவப் பேராசிரியர், ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் இருப்பவர்.

மேடம், எம்.டி. முடித்து மூன்று வருடமாக அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பிஎச்.டி. இல்லை. முதல் கிராண்டுக்கு எங்கே போடுவது? ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) மட்டும்தானா?

இல்லை. பிஎச்.டி. இல்லாதது பல இடங்களில் தடையே இல்லை. அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான பழைய எஸ்.இ.ஆர்.பி. இப்போது ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்டது. அதன் பிரதமர் இளம் ஆய்வாளர் மானியத்துக்கு எம்.டி., எம்.எஸ். பட்டமே போதும். வயது வரம்பு 42 (சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு), மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை தருவார்கள். நிரந்தரப் பணி வேண்டும், ஒப்பந்தப் பணியில் இருந்தால் தகுதி இல்லை. நோய் உண்டாகும் விதம், நோயைக் காட்டும் உயிர்க்குறிகள் (பயோமார்க்கர்), கருவி உருவாக்கம் போன்ற கேள்வி என்றால் அங்கே போங்கள். வார்டில் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுவது, ஓ.பி.யில் ஒரு நோயை முன்னதாகக் கண்டுபிடிப்பது போன்றவற்றுக்கு ஐ.சி.எம்.ஆரின் சிறு மானியம்தான் பொருத்தம். அதன் உச்சவரம்பு 2 கோடி. உச்சவரம்பு இருக்கிறதே என்று முதல் தடவையே அதை ஒட்டிக் கேட்க வேண்டாம். பெரிய தொகையை நடத்திக் காட்டிய அனுபவம் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் குழு முதலில் பார்க்கும். முதல் திட்டம் 30, 40 லட்சத்துக்குள் இருந்தால் நல்லது.

அதற்கும் முன்னால், உங்கள் கல்லூரியில் எம்.ஆர்.யூ. இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் அமைத்துத் தரும் பல்துறை ஆய்வுப் பிரிவு அது. கருவி, விஞ்ஞானி, டெக்னீஷியன், கிட் வாங்கப் பணம் எல்லாம் அங்கேயே இருக்கும். உள்ளூர் ஆய்வு ஆலோசனைக் குழு ஒப்புக்கொண்டால் வேலையைத் தொடங்கிவிடலாம். அங்கே 60 நோயாளிகளிடம் எடுத்த முன்னோட்டத் தரவு, அடுத்த விண்ணப்பத்தில் பத்து பக்க முன்னுரையைவிடக் கனமாக நிற்கும்.

மூன்று வருடத் திட்டம் ஒன்று அனுப்பினேன். "மாதிரி அளவுக்கு ஆதாரம் போதாது, நடைமுறை சாத்தியம் ஐயம்" என்று திரும்பி வந்தது. ஃபார்முலா போட்டுத்தானே கொடுத்தேன்?

ஃபார்முலா சரியாக இருந்திருக்கலாம். அந்த எண் உங்கள் ஓ.பி.யில் கிடைக்குமா என்ற கணக்கைத்தான் நீங்கள் கொடுக்கவில்லை. நல்ல திட்டங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சிக்கல் இப்போது 30 விழுக்காடு பேருக்கு வருகிறது, புதிய முறையால் அது 20க்கு இறங்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பவர் (உண்மையான வேறுபாட்டை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 விழுக்காடு, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் பிழைக்கு வரம்பு 5 விழுக்காடு. ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 294 பேர், இரண்டுக்கும் 588. நடுவில் விட்டுப் போகிறவர்கள் 10 விழுக்காடு என்றால் 588ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 654 வரும். பலர் 588உடன் பத்து விழுக்காட்டைக் கூட்டி 647 என்று போடுகிறார்கள். 647 பேரில் 10 விழுக்காடு போனால் மிச்சம் 582தான், தேவை நிறைவேறாது. மதிப்பீட்டாளர் கண்ணில் இது உடனே படும்.

இனிதான் முக்கியமான பகுதி. தகுதியுள்ள நோயாளிகள் வாரத்துக்கு எத்தனை பேர்? பதிவேட்டை எடுத்துக் கடைசி மூன்று மாதத்தை எண்ணுங்கள், உத்தேசம் வேண்டாம். 12 பேர் என்று வந்தால், அதில் 60 விழுக்காடு சம்மதிப்பார்கள் என்று கொண்டால் வாரத்துக்கு 7 பேருக்குச் சற்று மேல். 654 பேரைச் சேர்க்க 91 வாரம், அதாவது 21 மாதம். ஆள் எடுக்கவும் கருவி வாங்கவும் முதல் 6 மாதம். கடைசியாகச் சேர்ந்தவருக்கும் 6 மாதத் தொடர் கண்காணிப்பு. மொத்தம் 33 மாதம் ஆகிவிட்டது. பகுப்பாய்வுக்கும் அறிக்கைக்கும் 3 மாதம்தான் மிச்சம். ஒரு மழைக்காலத்தில் ஓ.பி. குறைந்தாலே திட்டம் சறுக்கும். ஆகவே இரண்டாவது மையத்தைச் சேருங்கள், இல்லையென்றால் கேள்வியைச் சுருக்குங்கள். இந்தக் கணக்கை அப்படியே அட்டவணையாக விண்ணப்பத்தில் வையுங்கள். "போதுமான நோயாளிகள் வருகிறார்கள்" என்ற ஒற்றை வாக்கியம் யாரையும் நம்ப வைக்காது.

இன்னொன்று: அந்த 30 விழுக்காடு எங்கிருந்து வந்தது? வேறு நாட்டுக் கட்டுரையிலிருந்து என்றால் மறுபடி கேள்வி வரும். உங்கள் கேஸ் ஷீட்டிலிருந்து எண்ணி எடுத்தது என்றால் வராது.

குழந்தை நலத் துறையிலிருந்து கேட்கிறேன். கேட்ட தொகை கிடைத்தது. ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே கிட் பணம் தீர்ந்துவிட்டது. எங்கே தவறியிருக்கும்?

எலைசா (மாதிரிகளைக் குழிகள் கொண்ட தட்டில் வைத்து அளக்கும் சோதனை) என்றால் பெரும்பாலும் தட்டுக் கணக்கில்தான். முன்பு சொன்ன 654 பேரையே எடுத்துக்கொள்வோம். 654 மாதிரி, ஒரு தட்டில் 96 குழி, ஆகவே 7 கிட் என்று போட்டிருப்பீர்கள். ஒரு தட்டில் அளவை ஒப்பிடும் ஸ்டாண்டர்டு 7, மாதிரி இல்லாத பிளாங்க் 1, இரண்டிரண்டாக வைத்தால் 16 குழி. கண்ட்ரோல் இரண்டுக்கு 4. மீதி 76. மாதிரியையும் இரண்டிரண்டாக ஓட்டினால் தட்டுக்கு 38 பேர்தான். 654 பேருக்கு 18 தட்டு வேண்டும். திரும்ப ஓட்ட வேண்டியவற்றுக்கு இரண்டு சேர்த்தால் 20. அதாவது நீங்கள் கேட்டதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

எல்லாக் கிட்டையும் ஒரே நாளில் வாங்கினால் காலாவதியாகும். பிரித்து வாங்கினால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறி அளவீடு நகரும். மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் சேர்த்து வைத்து, இரண்டே தவணையில் ஒரே லாட் கிட்டால் ஓட்டுவது மேல். இரண்டு தவணைக்கும் பொதுவாகப் பத்து மாதிரிகளை ஓட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு இரவு மின்தடையில் இரண்டு வருட மாதிரிகள் போய்விடும்.

விடுபடும் மற்றொரு செலவு நோயாளியின் பயணப்படி. 654 பேர், ஆளுக்கு இரண்டு மறுவருகை, ஒரு வருகைக்கு 300 ரூபாய் என்றால் 3,92,400 ரூபாய். இதை விட்டுவிட்டால் மறுவருகை குறையும், மாதிரி அளவுக்கணக்கு முழுவதும் ஆடிப்போகும். கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் பஸ் செலவையும் சேர்த்து வாங்குவது நியாயமும் இல்லை.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியிருக்கின்றன, நோயறியும் கிட்டுகளுக்கும் ரீஏஜென்ட்டுகளுக்கும் 12 விழுக்காடு 5 ஆனது. அதற்கு முந்தைய கொட்டேஷனை வைத்துப் பட்ஜெட் போட வேண்டாம். ஊழியர் சம்பளத்துக்கு நிதி நிறுவனத்தின் நடப்பு விகிதப் பட்டியல்தான் கணக்கு. வீட்டு வாடகைப்படி ஊருக்கு ஊர் மாறும், சென்னைக்குப் போட்டதைத் தஞ்சாவூருக்குப் போட்டால் வெட்டிவிடுவார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதலிலா, நிதி முதலிலா?

விண்ணப்பத்தின்போது அனுமதிக் கடிதம் கேட்கிறார்களா என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். கேட்காவிட்டாலும் கமிட்டியில் முதலிலேயே வைத்துவிடுவது நல்லது. கமிட்டியின் பதிவைச் சரிபார்ப்பதையும் மறக்காதீர்கள். 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி மருந்துச் சோதனைகளைப் பார்க்கும் கமிட்டி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.விடமும், மற்ற உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையிடமும் பதிந்திருக்க வேண்டும். ஒரு பதிவு இருப்பதாலேயே மற்றதும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

அனுமதி பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கோ புதிய அளவிலோ கல்வி நோக்கத்துக்காகச் சோதிப்பதாக இருந்தால் அது அதே விதிகளின்படி கல்விசார் சோதனை. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், மத்திய உரிம அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். சோதனை எதுவானாலும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1க்குப் பிறகு பின்தேதிப் பதிவு கிடையாது. பதியாத சோதனையை நல்ல சஞ்சிகைகள் வாங்காது, மூன்று வருட உழைப்பு வெளியே வராமலே போகும்.

அரசுப் பணியில் இருக்கிறேன். நடுவில் டிரான்ஸ்பர் வந்தால் திட்டம் என்ன ஆகும்?

விண்ணப்பிக்கும்போதே இதற்கு வழி செய்து வையுங்கள். அதே துறையில், உடனே மாறுதல் வராத ஒருவரைக் கோ-பி.ஐ.யாக (இணை முதன்மை ஆய்வாளராக) சேருங்கள். பெயருக்குச் சேர்த்தால் போதாது. தரவு, கொள்முதல் கோப்பு, சம்மதப் படிவங்கள் எல்லாம் அவருக்கும் பழக்கமாக இருக்க வேண்டும். ஆணை வந்தால் புது இடத்தில் சேரும் முன்பே, பி.ஐ. மாற்றம் கோரி டீன் வழியாக நிதி நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்கள் ஒப்புதல் வரும்வரை யாரும் செலவு செய்யக் கூடாது. கருவிகள் கல்லூரியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியவை, உங்களோடு வராது. ஓய்வுக்குத் திட்டக் காலத்தைவிடக் குறைவான சேவை மீதி இருந்தாலும் இதே சிக்கல்தான். அதையும் முதலிலேயே கணக்கிடுங்கள்.

தனியார் கல்லூரி. எங்களுக்கு அரசு நிதி கிடைக்குமா மேடம்?

கிடைக்கும். கல்லூரிக்கு மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டி.எஸ்.ஐ.ஆரின் எஸ்.ஐ.ஆர்.ஓ. (ஆய்வு நிறுவனம் என்ற) அங்கீகாரம் இருக்கிறதா, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். கடைசி வாரத்தில் அது புதுப்பிக்கப்படவில்லை என்று தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தொண்டு நிறுவனங்களுக்கான தர்பண் தளத்தின் பதிவு எண்ணையும் கேட்பார்கள்.

முதல் தவணையைச் செலவழித்துவிட்டோம். இரண்டாம் தவணை எட்டு மாதமாக வரவில்லை. ஊழியருக்குச் சம்பளம் தர முடியவில்லை.

அந்த ஊழியரின் நிலைமை வருத்தம் தருகிறது. தாமதம் பல நேரம் நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. பயன்பாட்டுச் சான்று, அதாவது யூ.சி., பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், நிதியாண்டு வாரியாக இருக்க வேண்டும். ஜூனில் பணம் வந்ததால் ஜூன் முதல் ஜூன் வரை கணக்குக் கொடுத்தால் திரும்பி வரும். மார்ச் 31இல் வெட்டி இரண்டு சான்றாகக் கொடுங்கள். கருவிச் செலவையும் சம்பளம், கிட் செலவையும் தனித்தனியே காட்டுங்கள். ஆர்டர் போட்டுப் பொருள் வராததைச் செலவாகக் காட்டாதீர்கள். அது வாக்களித்த தொகை, தனி வரியில் வரட்டும். கணக்கில் சேர்ந்த வட்டி உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்ப வேண்டும். அதைக் காட்டாத யூ.சி. அப்படியே நிற்கும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற எழுத்து அனுமதி வேண்டும், செலவழித்த பிறகு கேட்பது செல்லாது.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குங்கள். ஆண்டு அறிக்கை அறிவியல் பிரிவுக்கும், யூ.சி. நிதிப் பிரிவுக்கும் போகும். ஒன்று போய் மற்றது போகாவிட்டாலும் தவணை வராது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சேர்ந்து செய்யலாம் என்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பணம் எந்த வழியில் வரும் என்று கேளுங்கள். 2025 மே 1 அன்று என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பு), அமெரிக்க நிறுவனம் வழியாக வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தரும் உப மானியங்களைப் புதிய முறை வரும்வரை வழங்குவதில்லை என்று அறிவித்தது. ஆகவே பழைய அனுபவத்தை வைத்துத் திட்டமிட முடியாது, அவர்களுடைய மானிய அலுவலகத்தின் எழுத்துப் பதிலைப் பெறுங்கள். இங்கே சுகாதார அமைச்சகத்தின் எச்.எம்.எஸ்.சி. (வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு) ஒப்புதல் வேண்டும். ரத்த மாதிரி வெளியே போகிறது என்றால் ஏன் இந்தியாவில் செய்ய முடியாது என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். கல்லூரியை அறக்கட்டளை நடத்தினால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு தேவைப்படும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்கும், வேறொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது.

பிள்ளை பிறந்து நான்கு வருட இடைவெளி. வயது 43. இனி வாய்ப்பு இல்லையா மேடம்?

இருக்கிறது. உயிர்மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்புகளுக்கு வயது வரம்பு கிடையாது. எத்தனை வருட ஆய்வு அனுபவம் என்றுதான் பார்ப்பார்கள். மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும் தனிப் பிரிவு உண்டு. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,500 கோடி, அதில் 1,000 கோடி உயிரித் தொழில்நுட்பத் துறையுடையது, 500 கோடி வெல்கம் அறக்கட்டளையுடையது. நேர்காணல் கடினம், உங்கள் ஆய்வுக் கேள்வியை நீங்களே எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறீர்கள் என்று துருவிக் கேட்பார்கள். இடைவெளியை மறைக்க வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலைக்கு வாருங்கள்.

பணம் இல்லாமலே கிடைக்கும் உதவிகள் ஏதாவது?

அரசுக் கல்லூரி என்றால் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள் 2025 ஜனவரி முதல் திறந்திருக்கின்றன. நூலகரிடம் கேளுங்கள், பல துறைகளில் இது இன்னும் தெரியாமலே இருக்கிறது. தரவைச் சேர்க்க ரெட்கேப் மென்பொருளை லாபநோக்கற்ற நிறுவனங்கள் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். எக்செல்லில் மூன்று வருடத் தரவை வைக்காதீர்கள், யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தின் அடிப்படை ஆய்வுப் படிப்பைப் பதவி உயர்வுச் சான்றுக்காக மட்டும் முடிக்காமல், ப்ரோட்டோகால் எழுதும் பாடங்களைத் திரும்பப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களை ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். என்ற மாணவர் குறுகியகால ஆய்வுத் திட்டத்துக்குக் கைடாக இருந்து அனுப்புங்கள். இரண்டு மாத வேலைதான், மாணவருக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை. உங்களுக்கு முன்னோட்டத் தரவும் கிடைக்கும்.

இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். அதையே மறுபடி அனுப்பலாமா?

மதிப்பீட்டுக் குறிப்பு வந்திருந்தால் அதை வாக்கியம் வாக்கியமாகப் பிரியுங்கள். "புதுமை இல்லை" என்று இரண்டு முறையும் வந்திருந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "முறையியல்", "மாதிரி அளவு", "பட்ஜெட்" என்று வந்திருந்தால் திருத்த முடியும். குறிப்பையும் அதற்கு நீங்கள் செய்த மாற்றத்தையும் இரண்டு பத்தியில் எழுதி, எந்தப் பக்கத்தில் மாற்றியிருக்கிறீர்கள் என்று எண்ணோடு வையுங்கள். அனுப்புவதற்கு மூன்று வாரம் முன்பு, வேறு துறையைச் சேர்ந்த ஒருவரிடம் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் மதிப்பீட்டாளரும் தடுமாறியிருப்பார், அந்தப் பத்தியை முதலில் திருத்துங்கள்.