ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நெஞ்சு ஏன் அடைக்கிறது?

என் வயது 41, ஊர் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அவர் கடலுக்குப் போன ராத்திரிகளில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்து இழுத்துக்கொள்கின்றன. உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது, மீன் கூடை தூக்கி நடந்தால் வருவதில்லை. இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்கிறார்கள். இன்னொரு எண்டோஸ்கோப்பிக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். பதற்றத்தைக் குறைக்கும் அல்பிராசோலம் மாத்திரையை 4 மாதமாக மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறேன். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் மாமியார். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் நன்றாக இருந்தேன்.

பதில்:

உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நீங்கள் நடிக்கவும் இல்லை. கடிதம் முழுக்கக் கேட்காமல் கேட்டிருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர், பலர் சங்கிலியோடு, கருகியதைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே 'மனசு' என்று டாக்டர் சொன்னாலே வயிற்றைக் கலக்கும். தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, போய் வாருங்கள். வைத்தியம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குப் பெரிய ரிப்போர்ட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் படகு கரையில் நின்றது, உங்கள் நெஞ்சும் சும்மா இருந்தது. இதய அடைப்பு தடைக்காலம் பார்க்காது. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் படகு கிளம்பியதும், இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதாகப் போன் வருமோ என்று விழித்திருக்கிறீர்கள். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஏறுகிறது, தெரியாமலே மூச்சு வேகமாகிறது. அப்படி விடும் மூச்சில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். ரத்தத்தில் காரத்தன்மை கூடும், நரம்புக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். விரல் மரப்பதும் இழுப்பதும் அதனால்தான். கற்பனையில் விரல் இழுக்காது.

'ஒன்றுமில்லை' என்று அனுப்பியவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். உடம்பு நோயை மனசு மேல் போடும் எதிர்ப்பக்கத்துத் தப்பும் எங்கள் டாக்டர்களுக்குப் பழக்கம்தான். அல்சரைக் கவலையால் வரும் நோய் என்று பல காலம் பாடம் நடத்தினோம். 1982-இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷலும் வாரனும் அதற்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை வயிற்றில் பிடித்தார்கள், 2005-இல் நோபல் பரிசே வாங்கினார்கள். அதற்காகக் கவலைக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிடுமா? உடம்பு, மனசு, வாழ்கிற சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் எங்கல், 1977-இல். நேரமில்லை என்று நாங்கள்தான் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணாக இருங்கள். இப்போது உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது, மீன் கூடை தூக்கி நடந்தால் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாறினால், அதாவது கூடை தூக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டால், பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வேர்த்துக் கொட்டி, வலி தாடைக்கோ கைக்கோ பரவி, உட்கார்ந்தும் விடவில்லை என்றால் 108. சீட்டில் ஒருமுறை 'மனசு' என்று எழுதப்பட்டவருக்கும் மாரடைப்பு வரும். அப்போது வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, "இவங்களுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். "இது வழக்கமான வலி இல்லை" என்று நீங்கள்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஏப்பம், உப்புசம், ஒரு நொடி ஊசி குத்திவிட்டுப் போவது, இதையெல்லாம் விடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் யூடியூப் வீடியோவையும் மூடுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவருக்கு அது ஆபத்து.

அப்புறம் அந்த அல்பிராசோலம். மெடிக்கலில் சீட்டே இல்லாமல் 4 மாதமாக வாங்கிப் போடுகிறீர்களாம்! கொடுத்தவரை என்ன சொல்ல? பழகிப்போகும் மாத்திரை அது. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். மாத்திரை அட்டையோடு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் வேறு மருந்தும் தருவார்கள்.

மூச்சு முட்டும்போது மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள், ஒரு 5 நிமிடம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். மாதம் ஒருமுறை ஒரே டாக்டரிடம் போங்கள், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இன்னொரு எண்டோஸ்கோப்பிக்கு எடுத்து வைத்திருக்கும் பணம் அந்த பஸ் செலவுக்கு ஆகட்டும்.