பாரிஸ்–ரோம்: 35 யூரோ டிக்கெட் உண்மையில் எவ்வளவு?

கேள்வி: ஜூனில் மனைவி, 13, 15 வயதுப் பிள்ளைகளுடன் ஐரோப்பா போகிறோம். பாரிஸிலிருந்து ரோம் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? பொவே (பாரிஸ்)–சியாம்பினோ (ரோம்) மலிவு விமானத்தில் தலைக்கு 35 யூரோ. 10 கிலோ பைக்குத் தனியாக 26. சார்ல் து கோல் (பாரிஸ்)–ஃபியூமிசினோ (ரோம்) விமானத்தில் பையும் சேர்த்து 65. எது லாபம்? சென்னைக்கு பாரிஸிலிருந்து திரும்புவதாகத் திட்டம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. – வாசகர், சேலம்

பதில்: நேர்கோட்டில் சுமார் 1,100 கி.மீ. விமானம் ஏறக்குறைய 2 மணி நேரம். இரு நகரங்களிலும் கடிகாரம் ஒன்றே. ரயிலில் போனால் மிலன் அல்லது டூரினில் மாற வேண்டும், பகல் முழுவதும் போய்விடும்.

இனி பணக்கணக்கு. பொவே என்பது பெயரளவில்தான் பாரிஸ் விமான நிலையம். ஊருக்கு வடக்கே 80 கி.மீ.க்கு மேல். பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம், தலைக்குச் சுமார் 18 யூரோ. சியாம்பினோவிலிருந்து ரோமின் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பேருந்தில் சுமார் 7 யூரோ. ஆக நால்வருக்கு டிக்கெட் 140, பை 104, பேருந்துகள் 100: மொத்தம் 344 யூரோ. சார்ல் து கோல் வழியில் டிக்கெட் 260, பாரிஸ் ரயில் சுமார் 56, ஃபியூமிசினோவிலிருந்து தெர்மினிக்கு லியொனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 56: மொத்தம் 372. பார்வைக்கு 120 யூரோ வித்தியாசம், கையில் நிற்பது 28. அதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பேருந்தில் உட்கார வேண்டும். நான் சார்ல் து கோலையே சொல்வேன்.

பைகளே இல்லாமல், இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பையோடு போக முடிந்தால் கணக்கு மாறும். பொவே 132 யூரோ மலிவு. பிள்ளைகளோடு அது நடக்குமா என்பது உங்களுக்கே தெரியும்.

பொவே என்றே முடிவெடுத்தால் இரண்டு இடங்களில் பணம் கரையும். மலிவு விமான நிறுவனமான ரையன்ஏரில் ஆன்லைன் செக்-இன் விமானம் புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்பே மூடிவிடும்; தவறவிட்டு கவுன்டரில் செய்தால் தலைக்கு 55 யூரோ. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுன்டரில் விசா சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அதை விட்டவர்களை கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், டிக்கெட் பணமும் திரும்பாது.

பெரிய சேமிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து சென்னை திரும்பும்படி 'மல்டி சிட்டி' டிக்கெட்டாகத் தேடுங்கள். போய்வரும் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடினாலும், ரோம்–பாரிஸ் திரும்பும் செலவு நால்வருக்கும் மிச்சம். பாரிஸ்தான் என்றால், ரோமிலிருந்து வருவதும் சென்னைக்குப் பறப்பதும் ஒரே நாளில் தனித்தனி டிக்கெட்டாக வேண்டாம். முதலாவது தாமதமானால் இரண்டாவதன் பணம் உங்கள் தலையில். பாரிஸில் ஒரு இரவு தங்கிவிடுங்கள்.

தூரத்துக்கு இன்னொரு பயன் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதி 261-ன்படி 1,500 கி.மீ. வரையிலான விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், தலைக்கு 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். டிக்கெட் 35 யூரோவாக இருந்தாலும் அதே தொகை. மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் என்றால் இது கிடைக்காது. பிரான்சில் இந்த வேலைநிறுத்தம் அபூர்வமல்ல. அப்போதும் உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஓட்டலும் தர வேண்டியது விமான நிறுவனம்தான். போர்டிங் பாஸ், ரசீதுகளை வைத்திருங்கள்.

கார்டில் கட்டும்போது 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோ என்றே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் கழியும்.