கேள்வி: குதிரைப் பந்தயத்துல இவ்ளோ பணம் புரளுதே, அப்புறம் ஏன் ரேஸ் கிளப்புங்க எல்லாம் நஷ்டம்னு புலம்புறாங்க?

ஒரு குதிரையில கால் பங்கு வச்சிருந்து கையச் சுட்டுக்கிட்டவன்ங்கற தகுதியில சொல்றேன். "நாலு பேரு சேர்ந்தா ஆளுக்கு ஒரு கால்தான்டா மச்சி"ன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் 2018-ல இழுத்து விட்டான். ஊர் பேரு, குதிரை பேரு வேண்டாம்.

மாசாமாசம் ட்ரெய்னர்கிட்ட இருந்து பில் வரும். ஓட்ஸ், கொள்ளு, குதிரை மசால்ங்கற தீவனப் புல்லு, குதிரையப் பாத்துக்கற சைஸோட சம்பளம், லாடம், டாக்டர், ஊசி... குதிரை ஓடினாலும் சரி, கால் வீங்கி லாயத்துல நின்னாலும் சரி, பில் நிக்காது. கொரோனா லாக்டவுன்ல மாசக்கணக்கா ரேஸே இல்ல, அப்பவும் அது சாப்பிட்டுத்தானே ஆகணும். மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவை ஜெயிச்சுது. ட்ரெய்னர், ஜாக்கி பங்கு போக மிச்சத்த நாலா பிரிச்சா என் கைக்கு வந்தது மூணு மாச பில்லுக்குக் கூட காணலை.

பரிசு ஏன் அவ்ளோ கம்மிங்கறதுலதான் விஷயமே இருக்கு. ஓனருங்க எல்லாம் கோடீஸ்வரங்க, அவங்க காசுலதான் ரேஸ் ஓடுதுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. பெரும்பாலும் பெட் கட்டறவன் காசுலதான் ஓடுது. டோட்ல, அதாவது கிளப்பே நடத்தற பெட் கவுண்டர்ல, விழற பணத்துல கிளப் ஒரு கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்த ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கும். அந்தக் கமிஷன நம்பித்தான் பரிசு, தரை பராமரிப்பு, ஸ்டாஃப் சம்பளம் எல்லாம்.

2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்து 28 சதவீதம் போட்டாங்க, கமிஷன் மேல போட்டிருந்தா பரவால்ல, கட்டற முழு பெட் மேலயே போட்டுட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டுல என் பக்கத்துல ஒரு பெரியவர், கையில ரேஸ் புக்கு, கண்ணு ட்ராக்ல, வாய் மட்டும் போன்ல வெளி புக்கிகிட்ட (வரி கட்டாம திருட்டுத்தனமா பெட் வாங்கறவன்) "ஆறாம் நம்பர் வின்னு"ன்னு சொல்லிட்டு இருக்காரு. "கவுண்டர் காலியாத்தானே சார் இருக்கு?"ன்னேன். "அங்க 128, இங்க 100. நீங்களே சொல்லுங்க தம்பி"ன்னாரு. என்னத்தச் சொல்ல.

கமிஷனுக்கு மட்டும்தான் வரி செல்லும்னு கர்நாடகா ஹைகோர்ட் 2021-ல சொல்லுச்சு. ஆனா 2023-ல சட்டத்தையே திருத்தி முழு பெட்டுக்கும் 28-ன்னு உறுதி பண்ணிட்டாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அது 40. 100 ரூபா பெட்டுல கிளப் கமிஷன் 20 ரூபான்னு சும்மா வச்சுக்கோங்க: 140 குடுத்தா மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத் திரும்ப வர்றது 80. அதுவும் ரேஸ்காரன் ஒரே ஆயிரத்தத்தான் நாள் பூரா உருட்டுவான், இந்த ரேஸ்ல வந்தத அடுத்த ரேஸ்ல போடுவான், ஒவ்வொரு உருட்டுக்கும் வரி. கணக்கு தெரிஞ்சவன் கவுண்டர் பக்கம் போவானா?

ஹாங்காங்லயும் முன்னாடி மொத்த பெட் மேலதான் வரி, பணம் திருட்டு புக்கிங்ககிட்ட போச்சு. 2006-ல ஜெயிச்சவங்களுக்குக் குடுத்தது போக மிஞ்சற தொகை மேல மட்டும்னு மாத்தினாங்க, அதுவும் 72.5 சதவீதத்துல ஆரம்பிக்குது, ஆனாலும் பிசினஸ் திரும்ப எழுந்துடுச்சு. வரி அளவ விட அத எது மேல போடறோம்ங்கறதுதான் முக்கியம்னு நான் சொல்றது இதனாலதான்.

சூதாட்டத்துக்கு எதுக்கு சலுகைன்னு கேப்பீங்க, நியாயம்தான். 1974-லயே கலைஞர் ஆட்சியில தமிழ்நாட்டுல குதிரைப் பந்தயத்துக்குத் தடைச் சட்டம் போட்டாங்க, ஆனா 1996-ல சுப்ரீம் கோர்ட் இது திறமை ஆட்டம்னு தீர்ப்பு குடுத்துருச்சு. வரி போடறப்ப மட்டும் கேசினோ கூட ஒரே வரிசை.

எல்லாத்துக்கும் ஜிஎஸ்டிதான் காரணம்னு சொன்னா அது பொய். நிலம்னு ஒண்ணு இருக்கே. சென்னை கிண்டியில மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர், 1945-ல போட்ட 99 வருஷக் குத்தகை, வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். 730 கோடி பாக்கின்னு அரசு கேட்டு, கேஸ் நடந்து, 2024 செப்டம்பர்ல சீலும் வச்சாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் குதிரை ஓட சிட்டி நடுவுல அவ்ளோ இடமான்னு கேட்டா கிளப்காரங்ககிட்ட பதில் இல்லதான். சிங்கப்பூர்ல 180 வருஷத்துக்கு மேல ஓடின ரேஸ் 2024 அக்டோபர்ல முடிஞ்சுது, ரேஸ் நடந்த கிராஞ்சி நிலம் வீடு கட்டப் போகுது. மக்காவ்லயும் அதே வருஷம் ஏப்ரல்ல மூடியாச்சு.

நான் 2021-ல கழண்டுக்கிட்டேன். ஃப்ரெண்டு விடலை, இப்ப வேற குதிரையில கால். பில் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி அழுவான், பரிசு பத்தலைம்பான், கிளப்பத் திட்டுவான். அவன் குதிரை மேல அவனே பெட் கட்டறது எங்கன்னு மட்டும் கேக்காதீங்க. போன்லதான்.