வேரும் கேரட்டும்

கேள்வி: என் பேத்தி கொரியத் தொடர்கள் பார்த்தே கொரிய மொழி பேசுகிறாள். மத்திய ஆசியாவில் இருக்கும் கொரியர்கள் பலருக்கோ அந்த மொழி தெரியாதாம். தாய்மொழியை மறந்து வேரிழந்தவர்களைக் கொரியர் என்று எப்படிச் சொல்வது?
(ஒரு வாசகர், தென்காசி)

பதில்: வேரா? போச்சு. நமக்கு வரும் பத்துக் கவிதைகளில் எட்டில் வேர் இருக்கும், மீதி இரண்டில் விழுது. ஒருமுறை ஒரு கவிஞரிடம், ‘ஒரு மாறுதலுக்குக் கிழங்கு என்று போட்டுப் பாருங்களேன்’ என்று சொல்லித் தொலைத்தேன். சந்தாவை நிறுத்திவிட்டார். இன்றைக்கும் நான் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

ஆனால் நீங்கள் கேட்கும் மக்களின் கதையில் நிஜமாகவே ஒரு வேர் உண்டு. கேரட்.

பஞ்சத்துக்கும் பிறகு ஜப்பானிய ஆட்சிக்கும் தப்பி ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் குடியேறிய கொரியர்கள் இவர்கள். ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சொல்லி 1937 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு உத்தரவு போட்டது. சுமார் 1,72,000 பேரை ரயிலேற்றிக் கொண்டுபோய் கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டார்கள். கஜகஸ்தானின் உஷ்டோபேயில் இறங்கியவர்கள் முதல் குளிர்காலத்தை மண்ணில் குழி தோண்டி அதற்குள் கழித்தார்கள். கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய் போட அந்த நீள முட்டைகோஸ் கிடைக்கவில்லை. கேரட் கிடைத்தது.

கேரட்டை நூல் நூலாகச் சீவி, உப்பும் வினிகரும் போட்டுப் பிசறி, மேலே மிளகாய்த்தூள், தனியாத்தூள், நசுக்கிய பூண்டு எல்லாம் குவித்து, புகையப் புகையக் காய்ச்சிய எண்ணெயை அதன் தலையில் ஊற்றுகிறார்கள். சுர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் தெருவே மணக்கும் (தாளிப்பது நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்). பெயர் மர்கோவ்சா. முன்பாதி ரஷ்யன், வால் கொரியன்.

சரி, ‘மறந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குவது மறதி. 1938-ல் கொரியப் பள்ளிகளையெல்லாம் ரஷ்ய மொழிக்கு மாற்றியது யாருடைய மறதி? அதே அரசு அவர்களுடைய அடையாள அட்டையில் ‘இனம்: கொரியர்’ என்று எழுத மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை. பிள்ளை ரஷ்ய மொழி படித்தால்தான் கல்லூரி, வேலை. வீட்டுப் பெரியவர்களே ‘ரஷ்யன் படிடா’ என்றிருப்பார்கள்.

அப்படியும் பாட்டிமார்கள் ஒரு கொரிய மொழியை வைத்திருந்தார்கள். கொரியாவின் வடக்கே ஹம்கியோங் பக்கத்து வழக்கு. சோவியத் உடைந்த பிறகு தென்கொரியாவிலிருந்து ஆசிரியர்கள் சியோல் பாடப்புத்தகத்தோடு வந்தார்கள். பேரன் படித்தது பாட்டி பேசியது அல்ல. நம்மிடம் முன்பு ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். நாஞ்சில் நாட்டுக் கதையொன்றில் ‘வெள்ளம் குடித்தான்’ என்று வந்ததை, ‘ஆற்று வெள்ளத்தையா குடிப்பான்?’ என்று கேட்டுத் ‘தண்ணீர்’ ஆக்கினார். எழுதியவர் சண்டைக்கு வந்தபோது கடைசியில் வெள்ளம் குடித்தது நான்தான். பாட்டியைத் திருத்த வருகிறவர்களைப் பற்றிக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அந்தக் கொரியர்களின் பத்திரிகையைப் பார்த்தால் மட்டும் பொறாமையாக இருக்கிறது. 1923-ல் விளாடிவோஸ்டாக்கில் தொடங்கி ‘சொன்போங்’ என்று வந்தது. நாடு கடத்தப்பட்டு 1938-ல் ‘லெனின் கிச்சி’ ஆனது, 1991-ல் ‘கொர்யோ இல்போ’. இப்போது ரஷ்யப் பக்கங்களும் சேர்ந்தே வருகிறது. நூறு வருடம்! நமக்கு அடுத்த இதழுக்கே காகிதக்காரர் தவணை கேட்டால் முறைக்கிறார்.

கொரியரா இல்லையா என்பதை என்னைவிட அன்சான் நகரத்துக் கடைத்தெரு நன்றாகச் சொல்லும். தொழிற்சாலை வேலைக்காகத் தென்கொரியாவுக்கே திரும்பிப் போன பேரன் பேத்திகள் அங்கே ரஷ்யனில் பேசிக்கொள்கிறார்கள், மர்கோவ்சா விற்கிறார்கள். சியோல்காரர்கள் நின்று, ‘இது எந்த ஊர்ப் பலகாரம்?’ என்று கேட்கிறார்களாம்.

பேத்தி செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்லுங்கள். கேரட்டைப் பொடியாகத் துருவிவிடக் கூடாது. துருவினால் அல்வாவுக்குத்தான் ஆகும்.