கடவுளை நம்பிக்கிட்டே பரிணாமத்தை ஏத்துக்கிற அமைப்பு எதாச்சும் இருக்கா? அதை எப்படி மக்கள்கிட்ட கொண்டு போறது?

அமெரிக்காவுல இருக்கு, பயோலோகோஸ்னு பேரு. மனுஷனோட மொத்த டிஎன்ஏவையும் படிச்சறிஞ்ச ஹியூமன் ஜீனோம் ப்ராஜெக்டை நடத்துன பிரான்சிஸ் காலின்ஸ் 2007ல ஆரம்பிச்சது, அவரு தீவிர கிறிஸ்தவர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் பென்சில்வேனியாவுல டோவர் ஸ்கூல் கேஸ், பரிணாமத்துக்கு மாற்றா 'இன்டெலிஜென்ட் டிசைன்'னு (உயிர்களை ஒரு அறிவுள்ள சக்திதான் வடிவமைச்சதுங்கிற கருத்து) ஒன்னு இருக்குன்னு ஒன்பதாம் கிளாஸ் பசங்களுக்கு பயாலஜி பீரியட்ல வாசிச்சுக் காட்டச் சொல்லி ஸ்கூல் போர்டு உத்தரவு போட, பேரண்ட்ஸ் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அது சயின்ஸே இல்லன்னு தீர்ப்பு வந்துச்சு. பெற்றோர் தரப்புல மொத சாட்சி பரிணாமத்தை ஆதரிக்கிற பயாலஜி பேராசிரியர் கென்னத் மில்லர், அவரு கத்தோலிக்கர் (இதை ரெண்டு பக்கமும் வசதியா மறந்துடுவாங்க).

என்னைக் கேட்டா இந்த மாதிரி ஆளுங்களை முன்னாடி நிறுத்துறதுதான் நல்ல பிரச்சாரம், டிவி விவாதத்துல கத்துறதை விட சர்ச்சுக்குள்ள பாஸ்டர்கிட்டயும் சயின்ஸ் டீச்சர்கிட்டயும் உக்காந்து பேசுனாதான் வேலைக்கு ஆகும்.