வாசகர் கேள்வி – பதில்: பொறியியல் புலத்துக்குப் புதிய டீன்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுநிலை படிக்கிறாள். அங்கே பொறியியல் புலத்துக்குப் புதிய டீனைத் தேடுகிறார்களாம். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவரும் வளாகத்தில் எல்லார் முன்னிலையிலும் பேச, மாணவர்களிடமும் கருத்து எழுதி வாங்கினார்களாம். நான் படித்த காலத்தில் அறை வாசலில் பெயர்ப்பலகை மாறிய பிறகுதான் டீன் மாறியதே எங்களுக்குத் தெரியும். அந்த முறை இங்கும் வரக்கூடாதா? (ஒரு தந்தை, கும்பகோணம்)

பதில்: டீன் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருபவர் அரசு மருத்துவக் கல்லூரியின் தலைவர்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு புலத்தைச் சேர்ந்த துறைகள் அனைத்துக்கும் தலைமை ஏற்பவரை அப்பெயரால் அழைக்கிறோம். புல முதன்மையர் என்று தமிழில் எழுதுவதும் உண்டு. பெயர் ஒன்றானாலும், உங்கள் மகள் பார்க்கும் பதவியும் நீங்கள் பார்த்த பதவியும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பொதுவாக, புலத்தின் வரவு செலவு, புதிய ஆசிரியர் நியமனம், பழைய மாணவர்களிடமும் தொழில் நிறுவனங்களிடமும் நன்கொடை திரட்டுவது ஆகியவை பெருமளவு டீனின் பொறுப்பில் இருக்கின்றன. அத்தனை அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைப்பதால்தான், ஒரு தேடல் குழுவை அமைத்து, பிற பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்களை அழைத்து, மாதக்கணக்கில் அலசுகிறார்கள். ஆனாலும் மாணவர்கள் எழுதிக் கொடுப்பது கருத்துதானே ஒழிய வாக்கு அன்று. குழு பரிந்துரைக்கும், முடிவெடுப்பவர் பெரும்பாலும் புரோவோஸ்ட் எனப்படும் கல்விப் பொறுப்பாளர்.

இங்கே நிலைமை வேறு. நம் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தச் சட்டத்தின்கீழ் அமைந்ததோ அந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின்படி, புலத்தில் உள்ள பேராசிரியர்களில் ஒருவரைப் பணிமூப்பு வரிசையில், சுழற்சி முறையில், மூன்றாண்டுகளுக்குத் துணைவேந்தர் நியமிக்கிறார். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் நாம் வைக்கும் முறைப்பாசனம்தான் இது. இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். எந்த வயல் அதிகம் காய்கிறது என்று முறை கேட்பதில்லை. ஆனால் மேல்மடைக்காரர் தம் செல்வாக்கால் மதகைத் திறந்து வைத்துக்கொள்ளவும் அது விடுவதில்லை. சாதியும் சிபாரிசும் எட்டிப் பார்க்கும் இடங்களில் மூப்பு வரிசை ஓர் எளிய வேலியாக இருந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு, அதைப் பழமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எனவே அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவதற்கு நான் உடன்படேன்; அங்கிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முறைப்படி வருபவராயினும், பொறுப்பேற்கும் முன் ஒரு மணி நேரம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்னால் நின்று, இந்த மூன்றாண்டில் தாம் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிக் கேள்விகளுக்கும் பதில் அளிக்கட்டும். இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஓர் அரங்கமும் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். நாலு பேர் கேட்கச் சொன்ன சொல்லை மறுப்பது கடினம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பொறியியல் புலத்தின் டீனை நேர்காணல் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். இளநிலை ஆசிரியர்கள் சார்பில் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நேர்காணலுக்கு வரும் மூவரில் இருவர் உள்ளேயே பணியாற்றும் மூத்தவர்கள், ஒருவர் வெளியூர்க்காரர். நான் என்ன கேட்பது? (உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்)

பதில்: எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் என்று மட்டும் கேட்காதீர்கள், அது விண்ணப்பத்திலேயே இருக்கும். துறைத் தலைவராக இருந்தபோது தம் சொந்தத் துறைக்கே பிடிக்காத எந்த முடிவை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் நல்ல நிர்வாகியாகவும் இருந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எடுத்த தேர்வுகள் பல, ஆய்வாளரையும் இழந்து நிர்வாகத்தையும் கெடுத்திருக்கின்றன.

அடுத்தது தர அங்கீகாரம். பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரான பிறகு, தேசிய அங்கீகார வாரியத்தின் ஆய்வுக்காக ஒவ்வொரு துறையிலும் கோப்புகள் மலையாகக் குவிகின்றன. அந்த வேலை பெரும்பாலும் உங்களைப் போன்ற இளையவர்கள் தலையில்தான் விழுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோப்புகளைத் தயாரித்ததன் விளைவாக எந்தப் பாடத்தின் எந்தப் பகுதி மாறியது என்று மூவரிடமும் கேளுங்கள். அங்கேயே பாதி தெளிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி நம் மண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு உடைந்து வெள்ளத்தில் போயின. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, தென்னையையும் மின்கம்பத்தையும் ஒருசேரச் சாய்த்தது. கட்டுமானவியல், மின்னியல், கருவியியல் ஆகிய மூன்று துறைகளுக்கும் வாசலிலேயே கிடந்த பாடங்கள் இவை. கடைமடைக்குத் தண்ணீர் சேரும் அளவைக் கணக்கிட ஒரு கருவியையோ, பழைய மதகின் வலுவைச் சோதிக்க ஒரு வழிமுறையையோ மாணவர்களைக் கொண்டு செய்யும் எண்ணம் அவருக்கு உண்டா? கணினி அறிவியலில் மேலும் ஒரு பிரிவைத் தொடங்குவதைத் தவிர வேறு திட்டம் இல்லாதவரை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

உள்ளூரா வெளியூரா என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சென்னையில் பிறந்து 2017-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொறியியல் டீனான அனந்த சந்திரகாசன், 1994 முதல் அங்கேயே ஆசிரியராகவும் பிறகு துறைத் தலைவராகவும் இருந்தவர்தான். வெளியூர்க்காரரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்கலாம்: தஞ்சையில் குடியிருப்பாரா, அல்லது வெள்ளிக்கிழமைதோறும் சென்னை செல்லும் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவாரா? சிரித்துக்கொண்டே கேளுங்கள், பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விகளை முன்பே எழுதி, மூவரிடமும் ஒரே வரிசையில் கேட்டால், குழுவில் இளையவர் என்று உங்களை யாரும் ஒதுக்க முடியாது.

கேள்வி: டீன் தேர்வில் மாணவர்களான எங்களிடம் கருத்துக் கேட்டால் துணிந்து எழுதலாமா? பிறகு செய்முறைத் தேர்வில் பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது. (மூன்றாம் ஆண்டு மாணவி, மன்னார்குடி)

பதில்: உங்கள் பயம் காரணமற்றது என்று சொல்லமாட்டேன். தனியாகப் பெயர் போட்டு எழுத வேண்டாம். வகுப்புப் பிரதிநிதிகள் வழியாக எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து ஒரே தாளாகக் கொடுங்கள். பேராசிரியரின் புலமையை எடைபோடாமல், உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றை எழுதுங்கள்: ஆய்வகத்தில் எத்தனை கருவிகள் வேலை செய்கின்றன, நூலகம் மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, அந்த நேரத்தில் மன்னார்குடிக்குப் பேருந்து உண்டா என்பதையெல்லாம்.