ஆனைமங்கலச் செப்பேடு கடல் கடந்த கதை

கேள்வி: ராஜராஜ சோழனின் ஆனைமங்கலச் செப்பேடு நெதர்லாந்துக்குப் போனது எப்படி? கொள்ளையடித்தார்களா? (வாசகர், அல்சூர், பெங்களூரு)

நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தியைச் செம்புத் தகடுகளில் வெட்டியதுதான் இந்தச் செப்பேடு. அந்த நாகப்பட்டினத்தை டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1658ல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கிழக்குத் தலைமையிடம் படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கே பாதிரியாராக இருந்த ஃப்ளோரென்டியஸ் கேம்பர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் செப்பேடுகளை நெதர்லாந்துக்குக் கொண்டுபோனார், அப்புறம் 1862ல் குடும்பத்தார் வழியாக லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் லெய்டன் செப்பேடு என்றும் பெயர். கொள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஒரு வியாபாரக் கம்பெனி துறைமுகத்தையே துப்பாக்கியோடு ஆண்டுகொண்டிருந்த காலத்தில், அந்தக் கம்பெனியின் ஆள் கைக்கு முப்பது கிலோ எடையுள்ள அரச ஆவணம் வந்து சேர்ந்ததைச் சாதாரணக் கொடுக்கல் வாங்கலாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியா அதைத் திருப்பிக் கேட்டது முழுக்க நியாயம்.

கேள்வி: சிவபக்தரான ராஜராஜன் புத்த விகாரத்துக்கு ஏன் ஊரைக் கொடுத்தார்? அப்படி என்னதான் எழுதியிருக்கிறது அதில்? (வாசகி, ஜாலஹள்ளி, பெங்களூரு)

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் கட்டியவர்கள் சுமத்ரா, மலாயா பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள். தகப்பன் சூடாமணிவர்மன் பெயரில் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். சீனாவுக்குப் போகிற கப்பல்கள் மலாக்கா நீரிணையைத் தாண்டியாக வேண்டும், அந்த நீரிணை அவர்கள் கையில். பக்தி ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம், இரண்டும் சோழ அரசவையில் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

மொத்தம் 21 ஏடுகள், ராஜேந்திரனின் முத்திரை பதித்த பெரிய வளையத்தில் கோத்தவை. ஐந்து ஏடுகளில் சமஸ்கிருதம், அரச வம்சப் புகழ். மீதி 16ம் தமிழ். எனக்குப் பிடித்ததெல்லாம் இந்தத் தமிழ்ப் பகுதிதான், ஏனென்றால் இது அசல் நிலப் பத்திரம். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, தஞ்சாவூர் மாளிகை மண்டபத்தில் இருந்தபடி வாயால் சொல்கிறார். அதை ஓலையில் எழுதி, அதிகாரிகள் சரிபார்த்து, ஊருக்கு அனுப்பி, அங்கே ஊர்க்காரர்கள் கூடி நிற்க ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிக்கிறார்கள். அந்தக் கால அளவுகளில் நிலம் ஏறத்தாழ 97 வேலி, வரும் நெல் 8943 கலத்துக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் 'கொஞ்சத்தை'யும் தூணி, குறுணி, நாழி என்ற சின்ன அளவுகளில் கடைசிப் பிடி வரை கணக்கெழுதியிருக்கிறார்கள்! சுட்ட ஓடு போட்டு மாடி வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம் என்று உரிமைகளையும் அடுக்குகிறார்கள். இன்றைக்கு ஒரு சைட் வாங்கப் போய் சர்வே நம்பருக்காக அலைகிற யாருக்கும் இந்தக் கவனத்தின் அருமை தெரியும்.

அப்பா சொன்னதைச் செம்பில் வெட்டி நிலைக்க வைத்தது மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன் 1025ல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனாலும் விகாரத்துக்குக் கொடுத்தது விகாரத்துக்கே இருந்தது. 1090ல் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனின் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் வரிச் சலுகையோடு அந்தக் கொடையைப் புதிதாக உறுதி செய்து கொடுத்தார். அதுதான் மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய புத்தச் செங்கல் கோபுரத்தையோ, சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு 1867ல் இடித்துவிட்டார்கள். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

கேள்வி: பெங்களூரிலேயே இப்படி எதையாவது பார்க்க முடியுமா? (அதே வாசகி)

தாராளமாக. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போங்கள். செப்பேடு இல்லை, கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டில் ஒரு செட்டியாரும் அவர் மனைவியும் ஜலப்பள்ளி ஊர் நிலத்தையும் விண்ணமங்கலம் ஏரியையும் சொக்கப்பெருமாளுக்குக் கொடுத்த செய்தி தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், சில எழுத்துகளையாவது அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.